சாட்சிப் பலகை

தையலக்காவின் கண் சுகமான கதை சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். சுகமான மறுநாளே அது பழையபடி ஆகிவிட்ட கதைதான் யாருக்கும் தெரியாது. பத்து வாரமாக அதைத் தனியாகச் சுமந்துகொண்டு, பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயத்தில், அறுபத்திரண்டு சீருடைப் பாவாடைகளுக்குக் கீழ்மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

மிஷின் தையல் பிரச்சினையில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கையும் காலும் தாமாகவே வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிக்கலெல்லாம் கைத்தையலில்தான். ஊசியைக் கிட்டத்தில் பிடித்தால் புகை மூட்டம். கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தெளியும், ஆனால் அவ்வளவு தூரத்தில் ஊசிக்காது எள்ளில் பாதியாகிவிடும். ஊசிக்காதில் நுழைய வேதத்தில் ஒட்டகம் பட்ட பாட்டை அவள் வீட்டில் நூல் பட்டது.

அவளிடம் ஒரு கண்ணாடி இருந்தது. அது இப்போது சபையின் சுவரில் தொங்குகிறது.

சபை என்றால் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. பழைய கிடங்கு, தகரக் கூரை, எழுபது பிளாஸ்டிக் நாற்காலி. பிரசங்க மேடைக்குப் பக்கத்துச் சுவரில் நீளமாக ஒரு பலகை, அதில் பன்னிரண்டு மரக்கொக்கிகள். சுகம் கிடைத்தவர்கள் இனித் தேவைப்படாததை அங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். அதற்குச் சாட்சிப் பலகை என்று பேர். லோடுமேனின் ஊன்றுகோல், காது கேளாத ஒரு பெரியவரின் காது மிஷின், யாரோ ஒரு அம்மாவின் கழுத்துப் பட்டை, ஒரு இடுப்புக் கச்சை, அப்புறம் தையலக்காவின் கண்ணாடி. பலகையைச் செய்து கொடுத்தது அவள் வீட்டுக்காரர்தான். தச்சர். போதகர் கேட்டார் என்று, கொக்கி ஒவ்வொன்றையும் கடைசல் பிடித்து, பசை போட்டு இறுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே சைக்கிள் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் உள்ளே வருகிற ஆளே இல்லை. மனைவியையும் மகளையும் கொண்டுவந்து விடுவார், ஆராதனை முடிகிறவரை கொட்டகையில் பென்சில் சீவிக்கொண்டு இருப்பார். கேட்டால், "உள்ள எல்லாரும் அழுறாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் பத்து வாரத்துக்கு முன்னால் ஓடி வந்தார்.

நடந்தது இதுதான். நாலு மாதமாக அவள் அந்தக் கண்ணாடியை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை கழற்றியதே இல்லை. கழற்றினால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும், தேடக் கண்ணாடி வேண்டும். பாட்டுப் புத்தகம் பார்க்க வேண்டுமென்று சபைக்கும் அதோடுதான் போவாள். போதகரின் முகம் மங்கலாகத் தெரியும். கண் சுத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஜெபத்தில் போதகர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, இமைமேல் கை வைத்தார். கண்ணைத் திறந்தவளுக்கு எதிர்ச்சுவரில் எழுதியிருந்த வசனம் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. புள்ளி கூடத் தெரிந்தது. அவள் சத்தமாக வாசித்தாள். சபை ஆர்ப்பரித்தது. என்னவோ ஏதோவென்று உள்ளே ஓடிவந்த தச்சர், மனைவி கண்ணாடி இல்லாமல் வாசிப்பதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கப்புறம் ஒரு வாரம் கூட அவர் கொட்டகையில் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலை, ஊசியை எடுத்தபோது அதன் காது பழையபடி புகை மூட்டமாகத்தான் இருந்தது. வாசலில் போய் நின்றாள். தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி வாங்குகிறவரைக்கும் அந்தப் பஸ் நம்பர் தனக்கு எந்த நாளும் தெரிந்துகொண்டுதான் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு வந்தது வெறும் வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வருவது. கிட்டத்தில் இருப்பது தெரியாது, தூரம் நன்றாகவே தெரியும். கிட்டத்துக்கு வாங்கிய கண்ணாடியை எந்நேரமும் மாட்டிக்கொண்டு தூரத்தையும் கெடுத்துக்கொண்டது அவளேதான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது தச்சர் பட்டறையில் இழைப்புளி தள்ளிக்கொண்டே சபைப் பாட்டு ஒன்றைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை. அந்த வாரம் விட்டுப்போயிற்று. அடுத்த ஞாயிறு போதகர் அவளை மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார். எல்லாம் தெரிந்துகொண்டே போய் நின்று, பொய்யை நல்ல குரலில் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவள் மிஷினுக்கு வந்தால், ஊசி குத்தி வைக்கிற பஞ்சு மெத்தையில் பத்து ஊசிகள் குத்தியிருக்கும். பத்திலும் நூல் கோத்து, முடிச்சுப் போட்டிருக்கும். முதல் நாள் தானே கோத்து வைத்து மறந்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் இருந்தது. யார் என்று கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று வரும். அதோடு, மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஆசை இருந்தது. ஒருவேளை ஆண்டவர் கண்ணைக் கொடுக்காவிட்டாலும் நூலைக் கோத்துக் கொடுக்கிறாரோ என்று. தேவதூதர்களுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் கொடுப்பாரா என்பதும் ஒரு சந்தேகம். அந்த ஆசை கலைந்துவிடக் கூடாதென்றே பேசாமல் இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தச்சர் அந்தப் பேச்சை எடுத்தார். வெளியே மழை. பட்டறை மரமெல்லாம் ஈரம் கோத்து ஊதிப்போனதால் அவருக்கு வேலையில்லை. பேச நேரமிருந்தது.

"ஒரு சின்னப் பை தைச்சுக் குடு. சுருக்குக் கயிறு வச்சு. பாப்பா மாத்திரை டப்பா கொள்ற அளவுக்கு இருந்தாப் போதும்."

"எதுக்குங்க?"

"பலகைல மாட்டத்தான்" என்றார் அவர், கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்கிறவர் மாதிரி.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பதாவது வயதில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தாள். அதிலிருந்து வலிப்பு மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒன்றரை வருஷமாக வலிப்பு வரவில்லை. ஆனால் மாத்திரை அவளை மந்தமாக்கியிருந்தது. வகுப்பில் தூங்குவாள். ஓடியாடுகிற பிள்ளை, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு தடவை மூச்சு விட்டாள். இன்னும் இரண்டு வருஷம் கட்டாயம் போட வேண்டும், ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, நிறுத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். தச்சருக்கு மகள் தூங்கி வழிவதைப் பார்க்கப் பார்க்க உயிர் போய் உயிர் வரும்.

டாக்டர் சொன்னதை அவள் நினைவூட்டினாள். அவர் சிரித்தார். அவள் கண்ணைக் காட்டி, டாக்டர் கொடுத்த கண்ணா இது என்று கேட்டார். விசுவாசம் என்றால் பாதியில் நிற்கக் கூடாது, ஞாயிறு காலை மாத்திரையையே கொடுக்க வேண்டாம், நேரே பலகைக்குத்தான் என்று முடித்துவிட்டு, மிச்ச ரொட்டியைப் பருப்பில் துடைத்துச் சாப்பிட்டார்.

அன்றைக்கு அவள் பையைத் தைத்தாள். நீலத் துணி மிச்சம் இருந்தது. வெட்டும்போது கத்தரி சரியாகத்தான் போயிற்று. வாயை மடித்துக் கைத்தையல் போடுகையில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஏற்கெனவே தெரியாத கண், அதில் தண்ணீர் வேறு. தையல் கோணல்மாணலாக ஓடியது. பிரிக்கவும் மனசில்லை, திருத்தவும் மனசில்லை. அப்படியே சுருக்குக் கயிற்றைக் கோத்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பாவாடைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, சபைக்குப் போனாள். யாரும் இல்லாதபோது கண்ணாடியை எடுத்துவிடுவது, எலி தள்ளிவிட்டது, யாரோ திருடிவிட்டார்கள் என்று எதையாவது சொல்வது. அதற்கு மேல் அவளுக்குத் திட்டம் போடத் தெரியவில்லை. உள்ளே போதகர் ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் சுருட்டிய கால்சட்டை, தோளில் துண்டு. சின்ன வயசுக்காரர்தான், மனைவியை அடக்கம் பண்ணி மூன்று வருஷமாகிறது.

"பலகைய ஒரு துடை துடைக்கலாம்னு வந்தேன்யா" என்றாள். சொல்லிவிட்டோமே என்று துடைக்கவும் ஆரம்பித்தாள். கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. கை அதன்மேல் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் ஊன்றுகோலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "ஐயா, இந்தக் காலத்துலயும் அற்புதம் நடக்குதுங்களா?"

போதகர் வாளியைக் கீழே வைத்தார். மற்ற நாளாக இருந்தால் வசனத்தோடு ஆரம்பித்திருப்பார்.

"நடக்குது. லோடுமேன் நடக்குறாரே. இனி எழுந்திரிக்கவே மாட்டார்னு டாக்டர் சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன். ஏழு வாரம் ஜெபம் பண்ணோம். எழுந்தாரு. எப்படின்னு டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதே வருஷம் என் வீட்டுக்காரிக்கும் பண்ணேன். அதே ஜெபம், அதே வாய். அவ போயிட்டா. அது ஏன்னும் எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி மேடைல நின்னு பேசுறேன், ஆனா தெரியாது."

அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு வாளி வைத்தும் கூரை இன்னொரு இடத்தில் சொட்ட ஆரம்பித்தது.

தச்சர் வந்து மாத்திரை விஷயத்தைச் சொன்னதாகவும், தனக்கு மனசு சரியில்லை என்றும் போதகர் சொன்னார். "டாக்டரைக் கேட்டீங்களான்னு கேட்டேன். 'என் பொண்டாட்டி கண்ணைக் கேட்டுட்டேன்'னு சொல்லிட்டாரு. உங்க சாட்சிக்கு மேல நான் என்னம்மா சொல்ல முடியும்?"

அவள் துணியை மடித்தாள். உண்மை வாய் வரை வந்தது. போதகரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருந்தால் கொட்டியிருப்பாள். வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு புதிதாக ஒழுகுகிற இடத்துக்குப் போய்விட்டார். அவள் வெறுங்கையோடு மழையில் வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிறு விடிந்தும் விடியாமல் அவளுக்கு விழிப்பு வந்தது. மிஷின் இருக்கிற பக்கம் ஏதோ அசைவு. எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் பாப்பா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது, கண் பாதிதான் திறந்திருந்தது. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக்காதில் விட்டு இழுத்து, முடிச்சுப் போட்டு, மெத்தையில் குத்தினாள். கொட்டாவி விட்டாள். அடுத்த ஊசியை எடுத்தாள்.

தையலக்கா அப்படியே நின்றுவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்ததால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மகளின் விரல் நுனியில் சின்னச் சின்னக் குத்துக் காயங்கள் கூடத் தெரிந்தன.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பாப்பா திடுக்கிட்டாள், அப்புறம் மெதுவாக மூச்சு விட்டாள். "அந்த திங்கட்கிழமையே. நீ ஊசியத் தள்ளித் தள்ளிப் பிடிச்ச."

"ஏன்டி சொல்லல?"

"அப்பா உள்ள வந்து உக்காந்துட்டாருல்லம்மா. பாட்டெல்லாம் பாடுறாரு."

"சரி, அது என் விஷயம். இன்னிக்கு உன் மாத்திரையப் போய் மாட்டப் போறாங்களே. அம்மாவுக்குச் சுகமாகலன்னு தெரிஞ்சும் நீ எப்படிடி சரின்னு சொன்ன?"

இரண்டு மூச்சு விட்டாள் பாப்பா. "எனக்கு ஒருவேளை நெஜமாவே ஆகலாம்ல. ஆகலன்னா, விழும்போது நீ பக்கத்துல இருப்ப. நாக்கக் கடிக்காம திருப்பிப் படுக்க வைக்க உனக்குத்தான் தெரியும்."

பெற்றவள் ஒரு பொய்யைச் சுமக்க முடியாமல் தள்ளாடினால், பெற்ற பிள்ளை அதன் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது, ஒரு வார்த்தை பேசாமல். மகளைக் கட்டிக்கொண்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தன் முந்தானையால் துடைத்தாள். தச்சர் எழுந்து வந்து, அம்மாவும் பெண்ணும் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார்.

கிளம்பும்போது பையைக் கையில் வாங்கியவர், தையல் ஓடிய வரியைக் கட்டைவிரலால் தடவினார். "இது உன் தையலா?" என்றார். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். மாத்திரை டப்பா பைக்குள் போனது, பை அவர் சட்டைப் பைக்குள் போனது. காலை மாத்திரை போடாமலே பாப்பா கிளம்பினாள்.

சபையில் அன்றைக்கு நல்ல கூட்டம். மழை தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்ததும் தச்சர் எழுந்தார். மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். புதுச் சட்டை, படிய வாரிய தலை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, பையை வெளியே எடுத்தார்.

தையலக்கா எழுந்தாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்காரரைத் தாண்டிப் போய், ஐந்தாவது கொக்கியிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். சபை சலசலத்து அடங்கியது.

"என் கண்ணு சுகமாகல" என்றாள். "அன்னிக்கு எழுத்து தெரிஞ்சது நெஜம். தூரம் எனக்கு எப்பவுமே தெரியும், இந்தக் கண்ணாடிதான் மறைச்சுது. மறுநாளே எனக்கு வெளங்கிடுச்சு. வெளங்குன பெறகும் இங்க நின்னு சாட்சி சொன்னேன். அத நம்பித்தான் என் வீட்டுக்காரர் புள்ள மாத்திரையக் கொண்டுவந்துருக்காரு. அவர் மேல தப்பு இல்ல."

இரண்டாம் வரிசையில் காது மிஷின் பெரியவர் பக்கத்து ஆளிடம், "என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கூரை அதிரக் கேட்டார். பக்கத்து ஆள் அவர் காதோடு வாயை வைத்து, கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாளாம் என்று கத்தினார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எழுந்து, யாரையும் பார்க்காமல் பலகைக்கு வந்து, தன் மிஷினை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, வந்த வழியே போய் உட்கார்ந்தார். எல்லோரும் இப்போது லோடுமேன் பக்கம் திரும்பினார்கள். அவர் சங்கடப்பட்டு எழுந்து இரண்டு காலையும் தரையில் தட்டிக் காட்டினார். "எனக்கு வேணாம்பா, நான் நல்லாத்தான் நடக்குறேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. பையை மனைவியின் கையில் வைத்தார். மகள் தோளிலிருந்து கையை எடுத்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவைத் திறந்து, வெளியே போய்விட்டார்.

தையலக்கா சுருக்கை அவிழ்த்தாள். கண்ணாடி வழியே மாத்திரைப் பட்டையில் இருந்த பொடி எழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து, ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள். திரும்பினால் போதகர் தம்ளரில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். மேடையில் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர். பாப்பா மாத்திரையை விழுங்கி முடிக்கிறவரை தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மைக் முன்னால் போய் நின்றார். வைத்தியத்தை நிறுத்தச் சொல்லித் தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னதில்லை, நேற்றுக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலும் இருந்துவிட்டேன், அது என் பாவம் என்றார். அதற்கு மேல் பேச்சு வராமல், ஒரு பாட்டு பாடுவோம் என்று முடித்தார்.

பாட்டு தொடங்கும்போது அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சைக்கிள் கொட்டகையில், பழைய இடத்தில், ஒரு உருவம் மங்கலாக உட்கார்ந்திருந்தது. அது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். அவர் முகம் ஒவ்வொரு சுருக்கமும் தெரியத் தெளிந்தது. அழுதுகொண்டிருந்தார், அன்றைக்கு அழுத மாதிரியே.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை அவர் பேச விடவில்லை.

"பைத் தையலப் பாத்தப்பவே தெரிஞ்சுது. உன் கையில அப்படி ஒரு தையல் வராது. தெரிஞ்சும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்தேன் பாரு." மூக்கைச் சிந்தினார். "மாத்திரை போட்டாளா?"

"போட்டா. ஐயாதான் தண்ணி குடுத்தாரு."

உள்ளே பாட்டு முதல் சரணத்தை முடித்து இரண்டாவதுக்கு வந்தது. மழை கொட்டகை ஓரத்தில் கோடு கோடாக விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. இனி இவர் இங்கேதான் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தாளே, அது போதும். அவர் பாட்டை இனிக் கேட்க முடியாதே என்பதுதான் ஒரே குறை.

"அன்னிக்கு நான் அழுதேன்ல" என்றார் அவர் திடீரென்று. "அது பொய்க்கு அழுதேன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேங்க."

"நானும் சொல்ல மாட்டேன்." கையை நீட்டினார். அவள் பையைக் கொடுத்தாள். டப்பா உள்ளே இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "ராத்திரி மாத்திரை எட்டு மணிக்குத்தானே?"

"எட்டு மணிக்கு."

"எழுந்திரு. பாப்பாவுக்கு இன்னும் ஜெபம் பண்ணல" என்று சொல்லி, மழையில் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனார்.